ஐந்நூறு ரூபாய் குறைந்த ஞாயிறு

தேரிக்காட்டு ஓரம் 120 குடும்பம் உள்ள சின்னச் சபை எங்களுடையது, கிறிஸ்தவச் சபை. வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் கமிட்டியில் எல்லாரும் பொருளாளர் வேலைக்கு என்னையே கைகாட்டிவிட்டார்கள்.

ஆராதனை முடிந்ததும் கோவிலை ஒட்டிய சின்ன அறையான வெஸ்ட்ரியில் காணிக்கைப் பையைக் கவிழ்த்து எண்ணுவோம், நானும் ஒரு அண்ணாச்சியும். இரண்டு பேர் இல்லாமல் பையைத் தொடக்கூடாது என்பது பழைய வழக்கம். நாலாக மடித்து வியர்வையில் நனைந்த பத்து ரூபாய் வரும். கடைக்காரர் வாங்க மாட்டேன் என்ற கிழிசல் நோட்டும் வரும். கர்த்தர் மட்டும் வாங்கிக்கொள்வார் என்ற விசுவாசம்! ஒரு கவரில் 'மகனுக்கு வேலை கிடைத்ததற்கு' என்று 501 ரூபாய். இன்னொன்றில் ஆயிரம் ரூபாயும் 'பேர் வாசிக்க வேண்டாம்' என்ற துண்டுச் சீட்டும்.

ஒரு ஞாயிறு 6,340 ரூபாய் என்று எண்ணிக் கணக்கு நோட்டில் எழுதினோம். திங்கட்கிழமை வங்கியில் கட்டப்போனால் 5,840தான் இருக்கிறது. மறுபடியும் எண்ணினேன். அதேதான். சரி என்று என் சட்டைப்பையிலிருந்து ஐந்நூறை எடுத்துச் சேர்த்துக் கட்டிவிட்டு வந்தேன். மனசுக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது, மறைக்கவில்லை.

ஒரு மாதம் கழித்துப் பேச்சுவாக்கில் அண்ணாச்சியிடம் சொன்னேன். பாராட்டுவார் என்று பார்த்தால் முகம் கறுத்துவிட்டது.

"உம்ம யாருவே போடச் சொன்னா? குறைஞ்சா குறைஞ்சதுன்னுல்லா எழுதணும். நாளைக்கு ஐந்நூறு கூடுதலா இருந்தா எடுத்துப் பையில போட்டுக்கிடுவீரா?"

வங்கியில் பணம் குறைந்தால் காசாளர்தான் கைக்காசு போட வேண்டும். அந்தப் பழக்கத்தில் செய்தேன் என்றேன். சொல்லும்போதே எனக்கு உறைத்தது. அங்கே அதற்கும் ஒரு பதிவு உண்டு. நான் எதையும் எழுதவில்லை. எண்ணியதில் பிழையா, எங்கேயாவது விழுந்ததா, எடுத்தார்களா என்று தேடுவதற்கே வழியில்லாமல் என் தாராளம் மூடிவிட்டது.

வேதாகமத்தில் வரும் அப்போஸ்தலன் பவுலை நினைத்துக்கொண்டேன். எருசலேம் பரிசுத்தவான்களுக்கு, அதாவது அங்கிருந்த விசுவாசிகளுக்கு, சேர்த்த பணத்தின் பொறுப்புக்குத் தன் உடன் ஊழியன் தீத்துவோடு வேறு சகோதரரையும் அனுப்புகிறார். கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாக இருக்க வேண்டும் என்று கொரிந்தியருக்குக் காரணமும் எழுதுகிறார். அப்போஸ்தலனுக்கே சாட்சி தேவைப்பட்டது. எனக்கு மட்டும் வேண்டாமா?

எங்கள் ஆச்சி உலைக்கு அரிசி எடுக்கும்போதெல்லாம் ஒரு பிடியைக் காணிக்கைக்கென்று தனி டப்பாவில் போடுவாள். வீட்டில் அரிசி தட்டுப்பாடான நாளிலும் அந்த டப்பாவில் கை வைக்க மாட்டாள். 1903-ல் பாளையங்கோட்டையில் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கம், வெளிநாட்டுப் பணம் வேண்டாம் என்று தீர்மானித்துத் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்பியது நம் ஊர் ஆட்களின் காணிக்கையை நம்பித்தான். காணாமல் போன அந்த ஐந்நூறில் எத்தனை பிடி அரிசி இருந்ததோ. அதற்குப் பதில் என் பென்ஷன் பணத்தை வைத்தால் கூட்டல் சரியாகும், அவ்வளவுதான்.

அடுத்த கமிட்டியில் எழுந்து சொன்னேன். நடவடிக்கைக் குறிப்பில் எழுதினார்கள். அப்புறம் எந்த நோட்டு எத்தனை என்று சீட்டு எழுதி இருவரும் கையெழுத்துப் போட ஆரம்பித்தோம். போன ஐந்நூறு கடைசி வரை அகப்படவில்லை.

அதே கூட்டத்தில், விளைச்சலைக் காணிக்கையாகக் கொண்டுவந்து ஏலம் விடும் அறுப்பின் பண்டிகையின் ஏலப் பாக்கியையும் வாசிக்க வேண்டியிருந்தது. பண்டிகை உற்சாகத்தில் ஒரு எலுமிச்சம்பழத்தை முந்நூறுக்குக் கேட்டுவிட்டு, மறுநாள் முதல் கண்ணில் படாமல் நடப்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. பட்டியலைக் கையில் எடுத்தேன். முதல் பேர்: பூசணிக்காய் ஒன்று, 750 ரூபாய், பொருளாளர்.

வாசித்தேன். அண்ணாச்சி குனிந்து சிரித்துக்கொண்டிருந்தார்.