மலையேற்றாமல் விட்டது

வில்லுப்பாட்டை முடித்து வில்லை அவிழ்த்துக்கொண்டிருக்கும்போதுதான் குடம் அடிக்கிற மாமா கேட்டார். "வரவச்சியே மக்கா, மலையேத்தி விட்டியா?"

"அது மேடை மாமா. கோயில் இல்லல்லா."

"அப்போ அவளுக்கு?"

மலையேற்றுவது என்றால், ஒருவர் மேல் வந்த அருளை இறக்கிச் சாமியை அனுப்பிவைப்பது. அவ்வளவுதான் பேச்சு. அப்புறம் குடத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு வேன் பக்கம் போய்விட்டார். ஏழு வருஷம் ஆயிற்று, நானும் என்னென்னவோ பதில் சொல்லிப் பார்த்துவிட்டேன், எல்லாம் எனக்குள்ளேயேதான். அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை, அவரும் திரும்பக் கேட்கவில்லை.

சென்னையில் ஒரு விழா. இருபது நிமிஷம் கொடுத்திருந்தார்கள். ஊரில் ராத்திரி முழுக்கப் பாடினாலும் சுடலைமாடசாமி கதை மிச்சம் இருக்கும். இருபது நிமிஷத்தில் எதைப் பாடுவது? காப்புப் பாடி, குருவடி பாடி, அவையடக்கம் சொல்லி முடிப்பதற்குள் நேரம் போய்விடும். அதனால் நாட்டு வளத்தை விட்டேன், கைலாசத்தில் விளக்குச் சுடரில் பிள்ளை பிறக்கிற இடத்தை நாலு வரியில் ஓட்டினேன், நேராக மயான வேட்டைக்குப் போய்விட்டேன். ஏற்பாடு செய்தவர்களும் அதைத்தான் கேட்டார்கள். "கொடையில அப்படியே தூக்கும்னு சொல்வாங்களே, அந்த இடம் வேணும் சார்" என்று ஃபோனில் இரண்டு தடவை சொன்னார்கள். தூக்கும் இடம் என்றால் வரத்துப் பாட்டு. கொடையில், அதாவது எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில், நடு ராத்திரி சாமியாடி முன்னால் நிற்க, வில்லை அடிக்கிற வீசுகோல் வேகம் பிடித்து, உடுக்கும் குடமும் ஒன்றை ஒன்று துரத்துகிற இடம். அது கேட்பவர்களுக்காகப் பாடுகிற பாட்டே இல்லை. அந்தச் சாமியைக் கூப்பிடுகிற பாட்டு. இது எனக்குத் தெரியாததா? அப்பா அண்ணாவியாக, செட்டுக்குத் தலைமைப் பாட்டுக்காரராக இருந்தபோது பத்து வயதில் தாளம் பிடித்து உட்கார்ந்தவன் நான்.

ஆனாலும் அன்றைக்கு எனக்கு ஒரு கணக்கு இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். கொடையில் வில்லு சாமியைப் பார்த்துத்தான் இருக்கும், பந்தலே அப்படித்தான் போடுவார்கள். இங்கே எதிரே பிளாஸ்டிக் நாற்காலிதான் இருக்கிறது. பீடம் கிடையாது, படையல் கிடையாது, விரதம் இருந்தவன் ஒருத்தனும் கிடையாது. பிறகு யாருக்கு வரப்போகிறது என்று நினைத்தேன்.

வந்தது. மூன்றாவது வரிசையில் ஐம்பது வயது இருக்கும் ஓர் அம்மா. முதலில் கால் மட்டும் ஆடியது. ரசித்துத் தாளம் போடுகிறார் என்றுதான் நினைத்தேன். பிறகு கொண்டை அவிழ்ந்தது. அந்த மூச்சு எனக்கு மேடை வரைக்கும் கேட்டது, அல்லது கேட்டதாக நினைக்கிறேன். பக்கத்தில் இருந்தவர்கள் நாற்காலியை இழுத்துக்கொண்டு விலகினார்கள். அடையாள அட்டை போட்ட பிள்ளைகள் நாலு பேர் ஓடிவந்து கையைப் பிடித்து, தண்ணீர் கொடுத்து, "பிபியா இருக்கும், காத்து விடுங்க" என்று சொல்லி வெளியே கூட்டிக்கொண்டு போனார்கள். கூட்டிக்கொண்டு போனார்கள் என்றா சொல்வது? தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஊராக இருந்தால் என்ன செய்திருப்பேன் என்பதில் சந்தேகமே இல்லை. வேகத்தைச் சட்டென்று அறுக்கக் கூடாது, ஆடுகிறவரை ஆட விட்டு, பாட்டை மெல்ல இறக்கி, யாராவது பெரியவர் திருநீறு பூசி, "சரி, மலையேறு" என்று சொல்லும்வரை வில்லு அடிபட்டுக்கொண்டே இருக்க வேண்டும். என் பெட்டியில் திருநீற்றுப் பை இருந்தது. மேடைக்கு மூன்றே படி.

நான் ஓரத்தில் நின்றவரைப் பார்த்தேன். அவர் கையைச் சுழற்றிக் காட்டினார், முடிங்க என்று. வாழி பாடி முடித்தேன். சரியாக இருபது நிமிஷம். நல்ல கைதட்டல்.

இப்போது யோசித்தால் நான் செய்ததில் தப்பு இல்லை என்றும் தோன்றுகிறது. நிஜமாகவே அவருக்கு உடம்பு சரியில்லாமல் இருந்திருக்கலாம். மேடையை விட்டு இறங்கி, தெரியாத ஓர் அம்மாவின் நெற்றியில் நான் திருநீறு பூசியிருந்தால் அந்தப் பிள்ளைகள் என்னைத்தான் வெளியே பிடித்துப் போயிருப்பார்கள். அதோடு, இந்த மேடைகளுக்கு நான் போகாமல் இருந்தால் எங்கள் செட்டில் ஆறு பேர் புரட்டாசியிலிருந்து பங்குனி வரைக்கும் என்ன சாப்பிடுவது? கொடைக் காலம் சித்திரையில் ஆரம்பித்தால் ஆவணியோடு ஓய்ந்துவிடும். சிறுசேமிப்புக்குப் பாடியிருக்கிறேன், டெங்குக் கொசுவுக்குப் பாடியிருக்கிறேன். கலைவாணர் காந்தி மகான் கதையை வில்லில் பாடியதிலிருந்தே வில்லுக்கு இரண்டு வீடு உண்டு. சுப்பு ஆறுமுகம் ஐயாவுக்கு 2021-இல் பத்மஸ்ரீ கிடைத்ததே, அது கொடைப் பந்தலில் மட்டும் உட்கார்ந்திருந்தால் கிடைக்கிற விஷயமா? ஆனால் காந்தி கதை கேட்டு யாருக்கும் அருள் வரப்போவதில்லை. நான் இந்த வீட்டுச் சாமானைத் தூக்கி அந்த வீட்டில் வைத்துவிட்டேன். வைத்ததுகூடப் பரவாயில்லை, வைத்துவிட்டு விளக்கை அணைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. அந்த அம்மாவை வைத்து நான் பெயர் வாங்கினேன். கல்லூரிகளில் பேசக் கூப்பிடும்போதெல்லாம் இந்தச் சம்பவத்தைச் சொல்வேன். "சென்னையில, மைக் வச்ச மேடையில, கோயிலே இல்லாத இடத்துல ஒரு அம்மாவுக்கு அருள் வந்திருக்குன்னா இந்த வில்லுக்கு எவ்வளவு வீரியம்னு பாருங்க" என்பேன். கைதட்டுவார்கள். மூன்று படியையும் திருநீற்றுப் பையையும் சொல்ல மாட்டேன். ஒரு தடவை மாமாவும் பின்னால் குடத்தோடு உட்கார்ந்திருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை இடது கையில் இருக்கிற காசைக் குடத்தின் கழுத்தில் லேசாக உரசிக்கொண்டே இருந்தார். தட்டவில்லை, உரசினார்.

அந்த அம்மா யார், எந்த ஊர், அன்றைக்கு எத்தனை மணிக்குச் சரியானார் என்று நான் விசாரிக்கவில்லை. மறுநாள் ஒரு ஃபோன் போட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

போன வாரம் வேறோர் ஊரிலிருந்து கூப்பிட்டார்கள். பொங்கலுக்கு நிகழ்ச்சி, இருபத்தைந்து நிமிஷம். "சார், நீங்க சொல்வீங்களே, ஒரு லேடிக்கு வந்துச்சுன்னு, அந்தப் போர்ஷன்" என்றார்கள். பார்க்கலாம் என்றேன். அன்றைக்குச் சாயங்காலம் பெட்டியைத் திறந்து பழைய திருநீற்றைக் கொட்டிவிட்டு, புதுசாக வாங்கி, ஒன்றுக்கு இரண்டு பையாக வைத்தேன். மாமா திண்ணையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தன பேருக்கு காணும் மக்கா அது?" என்றார்.

டிக்கெட் போட்டாயிற்று. எந்த இடம் பாடப்போகிறேன் என்று அவர்களுக்கும் சொல்லவில்லை, மாமாவுக்கும் சொல்லவில்லை.