ரஷ்யமொழிக்காரர்களுக்கு ‘பார்’ சொல்லிக்கொடுப்பது

ரஷ்ய மொழி பேசுகிறவர்களுக்கு ஆன்லைனில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். கஜகஸ்தானின் அல்மாட்டி நகரத்திலிருந்து படிக்கிற ஒருவர் போன வாரம் ‘ஐ லுக்ட் எ ஃபிலிம்’ என்றார். திருத்தினேன். அடுத்த நிமிஷமே ‘லுக் ஆன் மீ’ என்றார். இரண்டுமே கவனக்குறைவால் வந்த தப்பு இல்லை. ரஷ்யனில் படம் பார்ப்பதற்கும் ஆளைப் பார்ப்பதற்கும் ஸ்மத்ரேத் என்ற ஒரே வினைதான். ஆளைப் பார்க்கும்போது கூடவே ‘நா’ என்று ஒரு சின்னச் சொல் வரும், அதை அப்படியே ஆங்கிலத்துக்குத் தூக்கிவந்தால் ‘அட்’ வர வேண்டிய இடத்தில் ‘ஆன்’ ஆகிவிடும்.

இந்த இடத்தில் லுக், சீ, வாட்ச், ஸ்டேர், கேஸ் (gaze), க்ளான்ஸ், பீர் (peer), க்ளிம்ப்ஸ் என்று நீளமாகப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்லும் வழக்கம் எனக்குப் பிடிப்பதே இல்லை. அவர்களுக்குப் பாதி ஏற்கெனவே தெரியும். வீதெத் என்றால் கண்ணில் படுவது, அதுதான் சீ. ஸ்மத்ரேத் என்றால் நாமாகக் கண்ணைத் திருப்புவது, அது லுக். காதுக்கும் இப்படி ஒரு ஜோடி இருக்கிறது: காதில் விழுந்தால் ஸ்லிஷத், காதுகொடுத்துக் கேட்டால் ஸ்லூஷத். ‘பார்’, ‘கேள்’ என்று ஒவ்வொன்றை வைத்தே எல்லாவற்றையும் சமாளிக்கிற நமக்குத்தான் இது புதுசு.

அவர்கள் புதிதாகப் பழக வேண்டியது வாட்ச். அசைகிற, மாறுகிற ஒன்றைக் கண்ணெடுக்காமல் தொடர்வது. சுவரில் மாட்டிய ஓவியம் என்றால் லுக், கால்பந்து என்றால் வாட்ச். ‘என் பையைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க’ என்பதும் வாட்ச்தான்.

சரி, மற்ற சொற்கள்? அங்கேதான் முன்னொட்டு கைகொடுக்கிறது. ஒரே வேரை வைத்துக்கொண்டு ரஷ்யன் எவ்வளவு செய்கிறது பாருங்கள்: ஸக்லியனூத் என்றால் எட்டிப்பார்ப்பது, அக்லியனூத்ஸா திரும்பிப்பார்ப்பது, வ்க்லிதேத்ஸா உற்றுப்பார்ப்பது. நாம் ‘பார்’ முன்னால் ஒரு வினையெச்சம் சேர்க்கிறோம், அவர்கள் ஒட்டைச் சேர்க்கிறார்கள், ஆங்கிலம் பல நேரம் புதுச் சொல்லையே எடுத்துவிடுகிறது. அதனால் ‘பீர் என்றால் என்ன’ என்று யாராவது கேட்டால் விளக்கம் சொல்லாமல் வ்க்லிதேத்ஸா என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவேன், முகம் தெளிந்துவிடும்.

அதிகமாகக் குழம்புவது க்ளான்ஸும் க்ளிம்ப்ஸும். இரண்டுமே ஒரு நொடி விஷயம் என்பதால் அகராதியைப் பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் க்ளான்ஸ் லுக்கின் பிள்ளை, கடிகாரத்தை நாமாகச் சட்டென்று பார்ப்பது, வ்ஸ்க்லியனூத். அதில் வரும் ‘னூ’தான் ‘ஒரே ஒரு தடவை’ என்பதைச் சொல்கிறது. க்ளிம்ப்ஸ் சீயின் பிள்ளை, நாம் தேடாமலே ஏதோ கண்ணில் பட்டு மறைவது.

அப்புறம் ஒரு விதிவிலக்கு, இதை முதல் மாதமே சொல்லிவிட வேண்டும். ‘பார்க்கலாம், என்ன ஆகுதுன்னு’ என்பதற்கு ரஷ்யனில் பஸ்மோத்ரிம், ஸ்மத்ரேத் குடும்பம். அதை நம்பி ‘வீ வில் லுக்’ என்பார்கள். ஆங்கிலத்தில் அங்கே ‘வீ வில் சீ’.

நேற்று அந்த அல்மாட்டிக்காரரின் வீட்டுப்பாடம் வந்தது. பஸ்ஸில் போகும்போது இரண்டு கட்டடங்களுக்கு நடுவே பனிமலை ஒரு நொடி தெரிந்து மறைந்ததாம். க்ளிம்ப்ஸ் என்று எழுதி, அடியில் கோடு போட்டிருந்தார்.