ஒரே தகடு, மூன்று நிறம்

நவம்பர் 4

மழை பிடித்துக்கொண்டது. ஸ்டூடியோவில் காகிதமெல்லாம் நமுத்துக் கிடக்கிறது. எட்சிங்குக்கு (உலோகத் தகட்டை அமிலத்தால் அரித்து அச்செடுப்பது) எப்படியும் காகிதத்தை நனைக்கத்தான் போகிறோம், அதில் நஷ்டமில்லை. அச்செடுத்தது காயாததுதான் தலைவலி.

புது ஜிங்க் தகடு. விஷயம் அடையாறு முகத்துவாரம்: ஆறும் கடலும் முட்டிக்கொண்டு, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் தண்ணீர் சுழலுமே, அது.

நவம்பர் 6

நாள் முழுக்க அச்சோவியக் கலைஞர் கிருஷ்ணா ரெட்டி. சித்தூர்ப் பக்கத்துக் கிராமத்தில் 1925-ல் பிறந்தவர். சாந்திநிகேதனில் நந்தலால் போஸிடம் படித்தவர். எல்லோரும் அவரைப் பாரிஸிலிருந்துதான் பேச ஆரம்பிக்கிறார்கள். அதற்கு முன்னால் சென்னை இருக்கிறது. நாற்பதுகளின் கடைசியில் கலாக்ஷேத்ராவின் ஓவியப் பிரிவு அவர் பொறுப்பில். அப்போது கலாக்ஷேத்ரா திருவான்மியூருக்குப் போகவில்லை. அடையாறு தியாசபிகல் சொசைட்டி வளாகத்தில் இருந்தது. அந்த வளாகமே ஆற்றங்கரை. என் முகத்துவாரத்தை அவர் பார்க்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

பிறகு லண்டனில் சிற்பி ஹென்றி மூர், பாரிஸில் ஹேட்டர் நடத்திய அச்சுப் பட்டறையான அட்லியே 17. சிற்பம் பயின்ற கை என்பதால் தகட்டில் கோடு போட்டதோடு நிற்காமல் மேடும் பள்ளமுமாகச் செதுக்கினார். 'வேர்ல்பூல்' (1963) அச்சை எவ்வளவு நேரம் பார்த்தாலும் அலுக்கவில்லை. தண்ணீரின் தோற்றத்தை விட்டுவிட்டு அதன் இழுப்பைப் பிடித்திருக்கிறார். பூவையும் கிளியையும் அழகாக இறக்கிவைத்து 'இயற்கை' என்று தலைப்புக் கொடுக்கும் அச்சுகள் (நானும் விற்றிருக்கிறேன்) இதன் பக்கத்தில் நிற்காது.

நவம்பர் 11

விஸ்காசிட்டி முறை, அதாவது மையின் இளக்கத்தையும் கெட்டித்தன்மையையும் வைத்து நிறங்களைப் பிரிப்பது. அட்லியே 17-ல் இதை உருவாக்கியதில் ரெட்டிக்கும் சக கலைஞர் கைகோ மோட்டிக்கும் பெரும்பங்கு. நிறத்துக்கு ஒரு தகடு தேவையில்லை. ஒரே தகடு, பிரஸ்ஸில் ஒரே ஓட்டம். முதல் மையைப் பள்ளங்களில் திணித்து மேலே துடைத்துவிட வேண்டும். ஆளிவிதை எண்ணெய் கூட்டி இளக்கிய மையைக் கெட்டி ரோலரில் உருட்டினால் மேட்டில் மட்டும் ஒட்டும். எண்ணெய் குறைந்த மூன்றாவது மையை மெத்து ரோலரில் அழுத்தி உருட்டினால் சரிவுகளுக்குள் இறங்கும். மேட்டிலிருக்கும் எண்ணெய் மை அதை அண்டவிடாது. ஆற்று நீரும் கடல் நீரும் சட்டென்று கலக்காமல் முறைத்துக்கொண்டு நிற்பதும் இதே கதைதான்.

குளிர்நாட்டு அளவுகள் இங்கே செல்லாது. நம்மூர் வெக்கையில் மை தானாகவே இளகிவிடும். பிரஸ் அண்ணன் சொன்னார்: "எண்ணெயைக் கொறைங்கம்மா. கத்தியில தூக்கி, எப்படி வடியுதுன்னு பாருங்க, போதும்."

நவம்பர் 16

வாங்க வந்தவர் கேட்டார், "இதுல ஒரிஜினல் எது?" எல்லாமே சார். கீழே பென்சிலில் 4/12 என்று இருப்பது பன்னிரண்டில் நான்காவது என்று அர்த்தம். நகல் என்று அர்த்தமில்லை. யோசித்துவிட்டுச் சொல்கிறேன் என்று போய்விட்டார். வாடகையைச் சனி, ஞாயிறு லினோகட் வகுப்புப் பிள்ளைகள் கட்டுகிறார்கள்.

நவம்பர் 21

முதல் புரூஃப், சோதனை அச்சு. நீலம் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறது. ஆரஞ்சு மேட்டை விட்டு நகரவில்லை. பச்சைதான் பாதி வழியில் நின்றுவிட்டது. சரிவு செங்குத்தாக இருப்பதால் ரோலர் தொடவில்லை.

மழை விட்டதும் முகத்துவாரத்துக்குப் போய் மணல்திட்டைப் பார்த்தேன். கடல் பக்கம் சடாரென்று இறங்குகிறது, ஆற்றுப் பக்கம் நீண்டு சாய்கிறது. என் தகட்டில் இரண்டு பக்கமும் ஒரே சாய்வு. நாளை ஸ்கிரேப்பரைத் தீட்டி ஆற்றுப் பக்கத்தை மட்டும் சீவ வேண்டும், பிறகு பர்னிஷரால் தேய்க்க வேண்டும். பச்சை மையைக் கெட்டியாக்கக் கொஞ்சம் மெக்னீசியம் கார்பனேட் சேர்த்துப் பார்க்கலாம்.