ஜன்னலோரப் புதினா

என் புதினா, டம்ளர் தண்ணீரில் போட்டு வைத்த 4 தண்டுகளில் தொடங்கியது. கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு வைத்தேன். பத்தே நாளில் வெள்ளை வேர்! அப்புறம் தொட்டிக்கு மாற்றினேன். தனித் தொட்டிதான், பக்கத்துச் செடியை அது வாழவிடாது.

பறிக்கும்போது இலையை மட்டும் உருவாதீர்கள். கணுவுக்கு மேலே நுனியோடு கிள்ளினால், அங்கேயே இரண்டு கிளை வெடிக்கும்.

மிஞ்சியதை நிழலில்தான் காயவைக்கிறேன்; வெயிலில் நிறமும் மணமும் போய்விடும். கொத்தமல்லி காய்ந்தால் வாசனையே நிற்காது, அதனால் நறுக்கி ஐஸ் தட்டில் தண்ணீரோடு உறையவைப்பேன். திருநீற்றுப்பச்சையை ஒருமுறை ஃபிரிட்ஜில் வைத்து, கொத்தோடு கறுத்துப்போனது; மனசே ஆறவில்லை. 10 டிகிரிக்குக் கீழே போனால் அதற்கு ஆகாது. இப்போது அது பூங்கொத்து மாதிரி தண்ணீர் டம்ளரில், மேசை மேல் நிற்கிறது.