புளூட்டுக்குத் தாள் தேடப் போய்

திருகோணமலை பஸ் நிலையத்துக்கு அருகிலுள்ள போட்டோகொப்பிக் கடையில் அச்செடுத்த இசைத் தாள்களைப் புளூட் பழகும் மகளிடம் நீட்டினேன். இரண்டு வரி பார்த்தாள். "அம்மா, இது செலோவுக்கு" என்றாள். வாங்கித் திருப்பிப் பார்த்தேன். எனக்கு எல்லாம் ஒரே எறும்பு வரிசைதான்.

பிழை என்னுடையது. பிரெஞ்சு இசையமைப்பாளர் ஃபோரேயின் சிசிலியென் என்ற பாட்டு, ஓப்பஸ் (படைப்பு எண்) 78. புளூட் படிக்கிறவர்கள் எல்லோரும் வாசிப்பதால் அது புளூட்டுக்கே பிறந்தது என்று எண்ணியிருந்தேன். 1898இல் அது அச்சேறியது செலோ என்ற பெரிய தந்தி வாத்தியத்துக்கும் பியானோவுக்குமாக. ஃபோரே 1924இல் இறந்துவிட்டதால் காப்புரிமை முடிந்துவிட்டது. ஐஎம்எஸ்எல்பி இணைய நூலகத்தில் இலவசமாகவே எடுக்கலாம். ஆனால் ஒரே தலைப்பின் கீழ் பல வாத்தியங்களுக்கான தாள்கள் கிடக்கும். நான் தலைப்பை மட்டும் பார்த்து இறக்கியிருந்தேன்.

மகளின் முதல் ஆசை இன்னொரு பிரெஞ்சு இசையமைப்பாளரான புலங்கின் புளூட் சொனாட்டா. 1957இல் ஸ்ட்ராஸ்பூர்க்கில் புளூட் கலைஞர் ரம்பாலின் வாசிப்புக்குப் புலங்கே பியானோ வாசித்து அரங்கேற்றிய படைப்பு. புலங்க் இறந்தது 1963இல் என்பதால் காப்புரிமை இன்னும் உயிரோடு இருக்கிறது. காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். லண்டனிலிருந்து வரும் தபாற்செலவையும் கூட்டிப் பார்த்துவிட்டு, "பிறகு பார்ப்போம்" என்றேன். வீட்டில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று அவளுக்குத் தெரியும்.

அடுத்த முறை சிசிலியெனுக்குச் சரியான புளூட் தாளோடும் பியானோத் தாளோடும், மகளுக்குத் துணையாகப் பியானோ வாசிக்கும் ரீச்சரிடம் போனோம். ரீச்சர் ஓய்வுபெற்றவர், ஞாயிறுதோறும் தேவாலயத்தில் கீதங்களுக்கு வாசிப்பவர். பியானோத் தாளில் புளூட்டின் வரியும் மேலே சிறிய எழுத்தில் இருக்கும். அவர் அந்த வரியைப் பார்க்கவேயில்லை. நேரே கீழே போனார். அந்தப் பாட்டின் வாத்தியக்குழு வடிவத்தில் ஹார்ப் என்ற யாழ் போன்ற வாத்தியம் செய்கிற வேலையைப் பியானோ செய்ய வேண்டும். சுரங்கள் அலை அலையாக விரிந்துகொண்டே போகும். ரீச்சர் இடக்கையை மேசைமேல் விரித்துக் காட்டினார். சுண்டுவிரல் வாதத்தால் வளைந்திருந்தது.

"பிள்ளை, நீ வாசித்துவிடுவாய். நான் எங்கே போவது?"

இத்தனை நாளும் புளூட்டை மட்டுமே பார்த்துத் தாள் தேடியிருக்கிறோம். வெட்கமாக இருந்தது.

பிறகு அவரே சொன்னதுதான் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் பெயரில் வரும் ஈ ஃபிளாட் சொனாட்டாவின் நடுப்பகுதி, சிசிலியானோ. பாக்கின் படைப்புப் பட்டியலில் பி.டபிள்யூ.வி. 1031. பாக் எழுதியதுதானா என்று அறிஞர்கள் இன்றும் ஐயப்படுகிறார்கள். "யார் எழுதினால் என்ன, என் விரலுக்கு அளந்து எழுதியிருக்கிறார்" என்றார் ரீச்சர். இதுவும் சிசிலியென் போல ஜி மைனர்தான். வீட்டில் மகள் பழகியதைக் கேட்ட அப்பா, "கீரவாணியை ஏன் இவ்வளவு மெதுவாக வாசிக்கிறாள்?" என்று கேட்டார். ராகம் என்னவோ சரிதான்.

இருவரும் வாசிக்க வேண்டிய மண்டபத்துப் பியானோ இன்னொரு தலைவலி. அதன் சுருதி இறங்கியிருந்தது. புளூட்டின் தலைப்பகுதியைக் கொஞ்சம் வெளியே இழுத்தால் சுருதி இறங்கும். அளவு மீறி இழுத்தால் மேல் சுரமும் கீழ் சுரமும் ஒன்றோடொன்று சேராது. மகள் மில்லிமீட்டர் மில்லிமீட்டராக இழுத்து, ரீச்சர் தட்டிய ஏ சுரத்தோடு சேர்த்தாள். பிறகு மூச்சு விடும் இடங்களைப் பென்சிலால் குறித்தார்கள். அவள் நான்கு இடத்தில் குறித்தாள். ரீச்சர் ஒன்றை அழித்துவிட்டு, "இங்கே நான் காத்திருக்க மாட்டேன்" என்றார்.

பக்கம் புரட்ட ஆள் இல்லாததால் தாள்களை ஒட்டி ஒரே நீளமாக்கினோம். மின்விசிறிக் காற்றில் அது பறந்தது. விசிறியை நிறுத்த ரீச்சர் சம்மதிக்கவில்லை. வீட்டுக் கொடியிலிருந்து நான்கு உடுப்புக் கிளிப் கொண்டுபோனேன்.