கியர்பாக்ஸை யார் கையில் கொடுப்பது?

சென்ற ஏப்ரலில் ஒரு மாலை, சிறுசேரியிலிருந்து வேளச்சேரிக்குத் திரும்பும்போது, எங்கள் கார் இரண்டாம் கியரிலிருந்து மூன்றாம் கியருக்கு மாறும் இடத்தில், பின்னாலிருந்து யாரோ இடித்ததுபோல் ஒரு குலுக்குக் குலுக்கியது. 2016இல் வாங்கிய வண்டி அது. என்ஜினின் சுழற்சியை ஆயில் வழியே கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வகை, ஆறு கியர் ஆட்டோமேட்டிக். 82,000 கிலோமீட்டர் ஓடியிருந்தும் கியர்பாக்ஸ் ஆயிலை ஒருமுறைகூட மாற்றியதில்லை. காலையில் குளிர்ந்திருக்கும்போது தலைகாட்டாத அந்தக் குலுக்கல், மெட்ரோ பணிகளால் குறுகிப்போன ஓ.எம்.ஆரில் நெடுநேரம் ஊர்ந்து சூடேறிய பிறகுதான் வந்தது. இதை யாரிடம் ஒப்படைப்பது என்று முடிவெடுக்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது.

முதலில் சென்றது, வாங்கிய நாள் முதல் வண்டியை விட்டுவந்த அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்கு. இந்த ஆயில் வண்டியின் ஆயுள் முழுக்க வரும், மாற்ற வேண்டியதில்லை, கோளாறு முற்றினால் கியர்பாக்ஸையே முழுதாக மாற்றிவிடலாம் என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. உலகின் பெரிய கியர்பாக்ஸ் தயாரிப்பாளர்களில் ஒன்றான ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனமே, தன் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களுக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு ஆண்டுக்குள் ஆயில் மாற்றச் சொல்கிறது. அந்த ஆயில் வெறும் மசகு அல்ல. கிளட்சுகளை அழுத்திப் பிடிப்பதும், சூட்டை வெளியே கொண்டுசெல்வதும் அதுதான். சென்னை வெயிலிலும் நெரிசலிலும் அது வேகமாகவே முதுமையடையும். வாரண்டி முடியாத வண்டி என்றால் நானும் வேறெங்கும் போகச் சொல்ல மாட்டேன். என் வண்டிக்கு அது முடிந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

அடுத்து, எங்கள் தெருமுனையில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணனிடம் சென்றேன். பிரேக், சஸ்பென்ஷன், ஏ.சி. என்று எதுவானாலும் பன்னிரண்டு ஆண்டுகளாக எங்கள் குடும்பத்துக்கு அவர்தான். வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தவர், துணியால் கையைத் துடைத்தபடியே சொன்னார்: “சார், என்ஜின்னா நான் பிரிச்சு மேஞ்சிடுவேன். இது அப்படி இல்ல. இதுல ஆயில் லெவல் பாக்கறதுக்கே ஸ்கேனர் மாட்டணும். தெரியாம கை வெச்சா நாளைக்கு உங்க மூஞ்சில முழிக்க முடியாது.” அன்றைய வேலையை வேண்டாம் என்று சொன்ன அந்த மனிதர்மேல் எனக்கிருந்த மதிப்பு இன்னும் கூடியது.

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. என் வண்டியின் கியர்பாக்ஸில் ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக் கிடையாது. சூடேறினால் ஆயில் விரியும் என்பதால், வண்டியை லிஃப்டில் சமமாக ஏற்றி, என்ஜினை ஓடவிட்டு, கியர் லீவரை ஒவ்வொரு நிலைக்கும் நகர்த்தி, ஆயிலின் வெப்பம் ஏறத்தாழ 40 டிகிரியைத் தொடும்போது அடியிலுள்ள லெவல் பிளக்கைத் திறக்க வேண்டும். நூலாக ஒழுகும் ஆயில் சொட்டுச் சொட்டாகக் குறையும் நேரத்தில் பிளக்கை மூடினால் அளவு சரி. வெப்பத்தைப் பார்க்காமல் மூடுகிறவர், கூடவா குறையவா ஊற்றியிருக்கிறார் என்பது அவருக்கே தெரியாது.

இதன் பிறகு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வேலை மட்டுமே செய்யும் இரண்டு ஒர்க்‌ஷாப்களுக்குச் சென்றேன். முதலாமவர், வண்டியில் ஏறிக்கூடப் பார்க்காமல், பிரித்தால்தான் தெரியும், முன்பணம் கட்டுங்கள் என்றார். கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டாமவரின் இடம் அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம். பானெட்டைத் திறக்கும் முன்பே அவர் கேட்ட கேள்வி, என்ன வகை கியர்பாக்ஸ் என்பது. கிளட்சையும் கியரையும் தானே மாற்றிக்கொள்ளும், 2014இல் மாருதி செலெரியோவோடு இங்கே பரவிய ஏ.எம்.டி. என்றால், உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். அதில் குலுக்கல் வந்தால் கிளட்ச் பிளேட்டையும், அதை இயக்கும் ஆக்சுவேட்டரையும் பார்க்க வேண்டும். தனித்தனிப் படிகள் இல்லாமல் பெல்ட்டில் ஓடும் சி.வி.டி. என்றால் அதற்கென்றே உள்ள ஆயிலைத் தவிர வேறு எதையும் ஊற்றக் கூடாது. அடுத்த கேள்வி என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது: “2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையப்போ வண்டி எங்க நின்னுச்சு?” வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் ஏற்றி நிறுத்தியிருந்தேன் என்றதும் தலையசைத்தார். கியர்பாக்ஸின் காற்றுத் துளை வழியே தண்ணீர் இறங்கினால், கிளட்ச் தட்டுகளில் ஒட்டியிருக்கும் உராய்வுப் படலமே கழன்றுவிடும் என்று விளக்கினார். பிறகு ஸ்கேனரை மாட்டி, குளிர்ந்த நிலையிலும் சூடேறிய பின்னும் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டிப் பார்த்தார். நான் அங்கேயே முடிவெடுத்துவிட்டேன்.

கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தேங்கும் தட்டான சம்ப்பைக் கழற்றும்போது என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில் பழைய டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. இலேசாகக் கருகிய வாடை. உள்ளே ஒட்டியிருந்த காந்தங்களில் சாம்பல் நிறக் குழம்பு படிந்திருந்தது. அதை என் விரலில் தடவித் தேய்த்துப் பார்க்கச் சொன்னார். விபூதியைக் குழைத்ததுபோல் வழுவழுவென்று இருந்தது. இது இயல்பான தேய்மானம், நறநறவென்று துகளாக அகப்பட்டிருந்தால்தான் பிரித்தாக வேண்டும் என்றார். கையேட்டில் அச்சிட்டிருந்த ஆயில் குறியீட்டையும் டின்னில் இருந்ததையும் என்னையே ஒப்பிட்டுப் பார்க்க வைத்த பிறகுதான் சீலை உடைத்தார்.

வடித்து ஊற்றினால் பாதி அளவு ஆயில்தான் மாறும். மீதி டார்க் கன்வெர்ட்டருக்குள்ளேயே தங்கிவிடும். இயந்திரம் வைத்து மொத்தமாகத் தள்ளிவிடலாமா என்று கேட்டதற்கு, இத்தனை காலம் மாற்றாத கியர்பாக்ஸுக்கு அது வேண்டாம், இடையில் ஓட்டி இரண்டு மூன்று தவணையாக மாற்றுவோம் என்றார். எனக்கும் அதுவே சரியாகப் பட்டது. முதல் தவணைக்குப் பிறகு குலுக்கல் பெரும்பாலும் அடங்கிவிட்டது. சோழிங்கநல்லூர் சிக்னலில் நன்றாகச் சூடேறிய நேரங்களில் மட்டும் இலேசாக எட்டிப் பார்க்கிறது. 500 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வரச் சொல்லியிருந்தார். நேற்றோடு 480 ஆகிவிட்டது. சனிக்கிழமை காலை மறுபடி அம்பத்தூர் செல்கிறேன்.