ஒரே சங்கதி, இரண்டு நாயனம்

சாயங்காலம் ஆடுதுறையில் சுவாமி புறப்பாடு. இரண்டு நாயனம், நடுவில் தவில்.

இருவரும் வாசித்தது ஒரே சங்கதிதான். ஆனால் இடப்பக்கத்துக்காரர் மயிரிழை பின்தங்கி, சுருதியிலும் ஒரு பொட்டு இறங்கி வந்தார். அந்த வித்தியாசத்தில்தான் நாதம் தெருவையே அடைத்துக்கொண்டு வந்தது.

சின்த் (மின்னணு முறையில் ஒலி உண்டாக்கும் சின்தசைசர்) வைத்து மெட்டுப் போடுகிறவர்கள் ஒரே டிராக்கைக் காப்பி எடுத்து, ஒன்றை இடது கோடிக்கும் மற்றதை வலது கோடிக்கும் தள்ளிவிட்டு அகலம் வந்துவிட்டதாக நினைக்கிறார்கள். வராது. இரண்டு காதுக்கும் ஒரே ஒலி போனால் அது நடுவில்தான் உட்காரும், கொஞ்சம் சத்தம் கூடும், அவ்வளவுதான்.

ஒன்று சாடூத், இன்னொன்று ஸ்கொயர் என்று வேறு வேறு அலைவடிவம் வையுங்கள். இல்லையென்றால் ஒன்றை ஐந்தாறு சென்ட் டீட்யூன் செய்யுங்கள், அதாவது சுருதியை அந்த அளவு நகர்த்துங்கள் (ஓர் அரைச்சுரத்துக்கு 100 சென்ட், அதனால் பயப்பட வேண்டாம்), அப்புறம் இடம் வலமாகப் பிரித்து வையுங்கள். பேஸ் கிட்டாரோ, சப் பேஸ் என்கிற அடியாழ ஒலியோ, 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை மட்டும் நடுவிலேயே விட்டுவிடுங்கள்.

சரி, கடைசியில் மோனோவிலும், அதாவது இடம் வலம் இரண்டையும் ஒன்றாகக் கலந்தும், ஒரு தடவை கேளுங்கள். நம்ம ஊர்த் திருவிழாக் குழாய் ஸ்பீக்கர் பெரும்பாலும் மோனோதான். ஹெட்போனில் பிரமாதமாக விரிந்த லீட் (முன்னணி மெட்டு) அதில் ஃபேஸ் அடிபட்டு, அதாவது அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு, பாதி காணாமல் போனால், அகலத்துக்காக மாட்டிய வைடனர் பிளகின் (துணை மென்பொருள்) இருந்தால் அதைக் கழற்றிவிட்டு, அடுக்கிய அந்த இரண்டு லேயரிலிருந்தே திரும்ப ஆரம்பிக்க வேண்டியதுதான்.